நாவல் பூத்தால் தேன் கறுக்கும்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரே ஆளிடம் வாங்கும் தேன். போன முறை வெளிர்மஞ்சள், இந்த முறை கருப்பட்டிப் பாகு நிறம். கலப்படமா?

பதில்: சந்தேகப்படும் முன், எந்த மாதம் எடுத்த தேன் என்று கேளுங்கள். தை, மாசியில் ரப்பர் துளிர்க்கும்போது அங்கே தேனீ பூவைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஓர் இளம் இலையைப் பறித்துப் பாருங்கள். காம்பின் நுனியில், மூன்று சிற்றிலைகளும் சேருமிடத்தில், பொடிச் சுரப்பிகள் ஈரமாக மின்னும். ரப்பர் தேனுக்கான இனிப்பு அங்கிருந்துதான் வருகிறது. நிறமும் வெளிர். இலை முற்றினால் அந்த ஊற்று வற்றிவிடும். தேனீ வேறு மரத்துக்குப் போகும், நிறமும் கூடவே மாறும். நாவல் பூத்த காலத்துத் தேன் கறுத்திருக்கும், லேசாகக் கசக்கவும் செய்யும். எனக்கு அந்தக் கசப்புதான் பிடிக்கும்.

கேள்வி: அப்படியானால் கறுத்த தேன்தான் அசலா?

பதில்: சீனிப்பாகைக் கருக விட்டாலும் கறுக்கும். நிறத்தை வைத்துப் பூவை ஊகிக்கலாம், கலப்படத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கறுத்த தேனில் தாது உப்பு பொதுவாகக் கூடுதல்; ஆனால் ஒரு கரண்டியில் கிடைப்பது சொற்பம்.

கேள்வி: பொன்னிறமாக வாங்கியது, அலமாரியில் இருந்தபடியே கறுக்கிறதே?

பதில்: தேனிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலமும் மெல்ல வினைபுரிகின்றன. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே வினையால்தான். பிரெஞ்சு வேதியியலாளர் மைலார்ட் 1912-இல் விளக்கியது. சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். அடுப்புக்கு மேல்தட்டு தேனுக்கு ஆகாது. இருட்டான, சூடில்லாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: அடியில் வெள்ளையாக உறைந்துவிட்டது. சீனிதானே?

பதில்: தேனின் சொந்த குளுக்கோஸ். அது கூடுதலாக உள்ள தேன் சீக்கிரம் உறையும். படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதால் வெளுத்துத் தெரிகிறது. கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும். தயவுசெய்து கொதிக்க வைக்காதீர்கள்.

கேள்வி: மலைத்தேன் மட்டும் ஏன் கலங்கல்?

பதில்: பெட்டித் தேனைச் சட்டத்தோடு இயந்திரத்தில் சுழற்றி எடுக்கிறார்கள். மலைத்தேனீயின் அடையை வெட்டிப் பிழிகிறார்கள். மகரந்தம், மெழுகுத் துணுக்கு, புழு வளர்ந்த பழைய அடையின் கருமை எல்லாம் சேர்ந்தே இறங்கும்.

கேள்வி: நீலத் தேன் உண்டா?

பதில்: 2012-இல் பிரான்சின் ரிபோவில்லே ஊரில் நீலமும் பச்சையுமாக வந்தது. பக்கத்து உயிரி எரிவாயு ஆலையில் எம் அண்ட் எம்ஸ் மிட்டாய்க் கழிவு கிடந்தது. தேனீக்கள் அதை உறிஞ்சிவிட்டன. பாவம், வளர்த்தவர்களால் அந்தத் தேனை விற்க முடியவில்லை.

கேள்வி: தண்ணீர்ச் சோதனை, தீக்குச்சிச் சோதனை?

பதில்: இரண்டையும் விடுங்கள். கெட்டியான பாகும் தண்ணீரில் நூலாகத்தான் இறங்கும். கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் கார்பன் ஐசோடோப்புச் சோதனை பிடித்துவிடும். அரிசிப் பாகு அதிலும் தப்பிவிடுவதால் வேறு சோதனைகள் வேண்டும். எடுத்த மாதத்தையும் பூவையும் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குவது, நம்மால் முடிந்த நல்ல காவல்.

கேள்வி: எட்டு மாதக் குழந்தையின் நாக்கில் எந்த நிறத் தேனைத் தடவலாம்?

பதில்: எந்த நிறமும் கூடாது. தேனில் போட்டுலிசம் நோய்க்கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பச்சைக் குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். பாட்டி எவ்வளவு சொன்னாலும், ஒரு வயது முடியட்டும்.