எண்ணெய் குறைந்தது, பலகாரம் கூடியது

கள்ளந்திரியில் பெரியாற்றுக் கால்வாயைத் தாண்டி அழகர்கோவில் சாலையில் கால் வைத்ததுமே, கோட்டை மதில் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே, நாக்கில் தோசை வந்து உட்கார்ந்துகொள்ளும் வயது ஒன்று எனக்கும் இருந்தது. திருமாலிருஞ்சோலை என்பார்கள், 108 திருப்பதிகளில் ஒன்று என்பார்கள், சித்திரையில் மதுரைக்குப் புறப்படும் கள்ளழகர் பதினெட்டாம்படிக் கருப்பனிடம் சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார் என்பார்கள். அப்பத்தா இதையெல்லாம் சொல்லச் சொல்ல பக்தியோடு மண்டையை ஆட்டிக்கொண்டு வந்த நான், உண்மையில் நடந்ததெல்லாம் தோலோடு அரைத்த கருப்பு உளுந்தையும் பச்சரிசியையும் கலந்து, மிளகும் சீரகமும் சுக்கும் தட்டிப் போட்டு, நெய்யில் வேகவைத்துத் தரும் அந்தத் தடித்த பிரசாதத் தோசைக்காகத்தான். மதுரையிலிருந்து பஸ்ஸில் 21 கிலோமீட்டர் வந்து இறங்கியவர்களிலும் என் கட்சிக்காரர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்; நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம்.

அப்பத்தா வாங்குவது ஒரே ஒரு தோசை. கூட ஒன்று கேட்டால், "பெரசாதம்டா, வயித்துக்கு இல்ல" என்று வாயை அடைத்துவிடுவாள். குரங்குகள் பார்த்துவிடாமல் முந்தானைக்குள் ஒளித்து ஊர் கொண்டுவந்து சேர்த்தபின், திண்ணையில் வைத்துப் பிட்டுப் பிட்டு, சித்தப்பா வீட்டுக்கு, எதிர்வீட்டு மதினிக்கு, கோயிலுக்கு வரமுடியாமல் படுத்திருந்த பெரியாத்தாவுக்கு என்று அவள் தெருவையே சுற்றி வந்து முடிக்கும்போது, எனக்கென்று மிஞ்சுவது கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய துண்டு. நெய் கசிந்த இலையை யார் நக்குவது என்று எனக்கும் தங்கைக்கும் அடிதடி நடக்கும். சம்பாதிக்கத் தொடங்கியதும் முழுத் தோசையை ஒண்டியாளாக, ஒருவருக்கும் பங்கு தராமல் தின்றே தீருவேன் என்று அன்றைக்குச் சபதம் எடுத்தேன். முதல் சம்பளத்தில் நிறைவேற்றியும் காட்டினேன். பாதிக்கு மேல் இறங்கவில்லை.

வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேற வேண்டும் என்றால் பஞ்சாங்கத்தில் ஏதாவது விசேஷம் இருக்க வேண்டும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும், அமாவாசைக்கு வடை, பெண் பார்க்க யாராவது வந்தால் பஜ்ஜி, அவ்வளவுதான். செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய் தூக்குவாளியில் வரும்போதே தெருவுக்குத் தெரிந்துவிடும், இந்த வீட்டில் நாளைக்குப் பலகாரம் என்று. காயாத எண்ணெயில் போட்டால் வடை எண்ணெயைக் குடித்துவிடும் என்று அப்பத்தா ஒரு சொட்டு மாவைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்பாள். வெந்ததை எடுத்ததும் சூடு ஆறுமுன் அரிகரண்டியில் நன்றாக வடியவிடுவாள். இப்போது உணவு அறிவியல் படித்தவர்கள் சொல்வதும் அதைத்தான்: பொரியும்போது உள்ளிருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே முட்டிக்கொண்டிருப்பதால் எண்ணெய் உள்ளே நுழைய இடமில்லை, சட்டியிலிருந்து எடுத்து ஆறவிடும்போதுதான் பெரும்பகுதி எண்ணெய் உள்ளே இறங்குகிறது. பள்ளிக்கூடம் போகாத கிழவிக்கு இது எப்படித் தெரிந்தது என்று இன்று வியக்கிற நான்தான், அன்று அவளுக்கு அறிவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன்.

ஆமாம், பாடமேதான். மதுரையில் காலேஜ் படிக்கப் போன ஆண்டுகளில் என்னைப்போல ஒரு முன்னேற்றவாதி எங்கள் தெருவிலேயே கிடையாது. கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் 1955-லேயே மாவாட்டும் இயந்திரம் செய்துவிட்டார், 1959-லேயே இந்தியாவில் பிரஷர் குக்கர் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள், இன்னும் இந்த வீட்டில் கல்லைக் கட்டிக்கொண்டு மாரடிக்கிறீர்களே என்று, ஆட்டுக்கல்லில் குழவி சுற்றிக்கொண்டிருந்த அம்மாவுக்கும் அம்மியில் குனிந்திருந்த அத்தைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் அரைத்த தேங்காயை எடுத்துத் தின்றுகொண்டே சொற்பொழிவு ஆற்றுவேன். குழவியை ஒரு சுற்றுச் சுற்றிக் கொடுக்கலாம் என்று அந்த முன்னேற்றவாதிக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. "கையி சும்மா இருந்தா வாயி சும்மா இருக்காதுடா" என்பாள் அப்பத்தா. அது எனக்கான திட்டு என்று நினைத்திருந்தேன். இரண்டு தலைமுறைக்கும் சேர்த்துச் சொன்ன ஆரூடம் என்று இப்போது படுகிறது.

கிரைண்டர் வந்தது, மிக்சி வந்தது, 2011-இல் அரசாங்கமே ரேஷன் கார்டுக்கு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று இலவசமாகக் கொடுத்தது. பெண்களின் தோளும் இடுப்பும் பிழைத்தன. அதை மறந்துவிட்டுக் கல்லுக்கு ஒப்பாரி வைக்கிற ஆண்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் மிச்சமான நேரத்தில் குடும்பத்தோடு டி.வி. முன்னால் உட்கார்ந்தோம், உட்கார்ந்த வாய்க்கு ஏதாவது கேட்டது, கேட்டதைப் பொட்டலத்தில் வாங்கினோம். ஆட்டுக்கல் போர்வெல் பக்கம் குப்புறக் கிடந்து துவைகல் உத்தியோகத்துக்கு மாறியது. பேரன் காலத்துக்குள் அதே தோளையும் இடுப்பையும் அசைப்பதற்கு மாதச் சந்தா கட்டுகிற இடங்கள் மதுரைப் புதூர் வரைக்கும் வந்துவிட்டன.

இந்த வரிசையில் கடைசியாக எங்கள் வீட்டுக்கு வந்தது ஏர் ஃப்ரையர். டாக்டர் என் கொழுப்புக் கணக்கைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திய செய்தி மகளுக்குப் போன மறுவாரமே, நெற்குதிரைக் குட்டையாக்கிக் கறுப்பு வர்ணம் அடித்தாற்போல ஒன்று பெட்டியில் வந்து இறங்கியது. 2010-இல் பெர்லின் பொருட்காட்சியில் பிலிப்ஸ் கம்பெனி முதலில் காட்டிய கருவி. இன்று எத்தனையோ கம்பெனிகள் செய்கின்றன, விலை சில ஆயிரம் ரூபாயில் தொடங்கி மேலே போய்க்கொண்டே இருக்கிறது. பெயர்தான் பொரிப்பான், உள்ளே நடப்பது பொரிப்பே அல்ல. மேலே ஒரு சூட்டுக் கம்பி, அதற்கு மேல் வேகமாகச் சுற்றும் விசிறி, 200 டிகிரி வரைக்கும் சூடேறிய காற்றைக் கூடைக்குள் சுழற்றி அடிக்கிறது. பேக்கரி அடுப்பின் சின்னத் தம்பி என்று சொன்னால் கதை முடிந்தது.

என் மனைவி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. முதல் சோதனைக்கே அழகர்கோவில் தோசையை எடுத்துக்கொண்டாள். உளுந்தைத் தோலோடு அரைத்து, மிளகு சீரகம் சுக்கு எல்லாம் முறைப்படி சேர்த்து, மேலே ஒரே ஒரு கரண்டி நெய் தடவினாள். கூடையில் ஊற்றிய மாவு ஓட்டை வழியாகக் கீழ்த்தட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கேக் தட்டில் ஊற்றி மறுபடி வைத்தபோது மேலே வெடித்து, நடுவில் பிசுபிசுத்து, தோசையும் இல்லாமல் ரொட்டியும் இல்லாமல் ஏதோ ஒன்று வந்தது. கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை: தளர்ந்த மாவைத் தொட்ட மாத்திரத்தில் பிடித்து இறுக்குகிற வேகம் காய்ந்த நெய்க்கு உண்டு, காற்றுக்குக் கிடையாது. அடுத்து அப்பளம் போட்டாள். விசிறிக் காற்றில் அது எழும்பி மேல்கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. "என்னங்க, உங்க பொண்ணு பட்டம் விடுற மெஷினா அனுப்பியிருக்கா?" என்றாள்.

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும். சேப்பங்கிழங்கு அதில் அருமையாக வருகிறது. மசாலா தடவிய மீன், சுட்ட கத்தரிக்காய், வறுத்த வேர்க்கடலை, நேற்றைய சமோசாவுக்கு மறுபடி உயிர் கொடுப்பது, எல்லாம் ஒரு கரண்டி எண்ணெயில் நடக்கிறது. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி என்று கணக்கிட்டால் மிச்சம் சின்னதல்ல. பொரித்த எண்ணெயை மறுநாளும் அதற்கு மறுநாளும் காய்ச்சுகிற பாவமும் இல்லை. நின்றுகொண்டு சட்டிக்கு முன்னால் வேக வேண்டியதில்லை. இவ்வளவும் மெய்.

மெய்யாக இருந்ததால்தான் வினை வந்தது. எண்ணெய் இல்லை என்று தெரிந்ததும் எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் செத்துப்போனது. திங்கட்கிழமை உருளைக்கிழங்கு, செவ்வாய்க்கிழமை கடையில் வாங்கிய உறைந்த கட்லட், புதன்கிழமை மறுபடி உருளைக்கிழங்கு. ஆண்டில் சில நாள் மட்டும் வந்துபோன பலகாரம் சாயங்காலம்தோறும் வந்து உட்கார்ந்தது, அதுவும் ஆரோக்கியம் என்ற பெயரில், ஒருவரும் குற்றவுணர்ச்சி கொள்ளாமல். உருளைக்கிழங்கைக் காற்றில் செந்நிறமாக வாட்டினாலும், எண்ணெயில் செந்நிறமாகப் பொரித்தாலும் அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் உண்டாகிறது. உணவில் அது இருப்பதை 2002-இலேயே ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் சொல்லிவிட்டார்கள். கடையில் வாங்கும் கட்லட்டின் உப்பையும் ஏற்கெனவே அதில் ஏறிய எண்ணெயையும் எந்த விசிறியும் ஊதி அகற்றாது. அப்பத்தா வீட்டில் நெய்யும் கடலை எண்ணெயும் தாராளமாகவே இருந்தன. தின்பதற்கான நாளும், ஆளுக்கு வருகிற துண்டும்தான் சின்னவையாக இருந்தன. அந்தச் சின்னத் துண்டைச் செய்துகொடுக்கிற கருவியை எந்தக் கம்பெனியும் இன்னும் விற்பனைக்குக் கொண்டுவரவில்லை.

அதனால் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் தீர்ப்பு இது. இரண்டு மூன்று பேர் உள்ள வீடு, வாரம் பல நாள் எண்ணெய்ச் சட்டி ஏறுகிறது, கிழங்கும் மீனும் கறியும்தான் அதிகம், அடுப்பு முன் நிற்க முழங்கால் இடம் தரவில்லை என்றால் வாங்குங்கள், காசுக்குப் பழுதில்லை. வடை, பஜ்ஜி, பணியாரம், நெய்த் தோசை என்று மாவுப் பலகாரத்துக்காக என்றால் வேண்டாம். இரும்புச் சட்டியே போதும், அடிக்கடி ஏற்றாமல் இருந்தால். வாங்குவதாக முடிவு செய்தாலும், பலகாரம் வாரத்துக்கு ஒரு நாள் என்று முதலில் வீட்டில் சட்டம் போட்டு, மூன்று மாதம் அது நடக்கிறதா என்று பாருங்கள். நடந்துவிட்டால், வாங்க வேண்டிய அவசியம் இருக்காது.