பெலோஷிப் அண்ணன்

மட்டக்களப்பில் கந்தோருக்கு ஒரு பெலோஷிப் அண்ணன் இருப்பார். கணினிப் பிரிவு அவர் பொறுப்பு. பிரின்டரில் கடதாசி இறுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விண்ணப்பத்தில் மட்டும் அவர் ‘இணையப் பாதுகாப்புக் கொள்கை வகுப்பாளர்’.

கல்லடிப் பாலத்தில் பௌர்ணமி இரவில் பாடும் மீனைக் கேட்கப் போனவர்களுக்கு அண்ணனின் குரல்தான் கேட்கும்: “இணையக் குற்றத்துக்கெதிரான புடாபெஸ்ட் உடன்படிக்கையில தெற்காசியாவிலேயே முதல்ல சேர்ந்தது நாங்கதான், 2015இல!”

இந்த முறை அவர் குறிவைத்திருப்பது, 1978இல் அமெரிக்கா தொடங்கிய ஹம்ப்ரி பெலோஷிப்புக்கு. பத்து மாதம் அங்கே இருக்கலாம், பட்டம் கிடையாது.

“பட்டமும் இல்லயெண்டா என்னத்துக்கு மனே அவ்வளவு தூரம்?” என்கிறா அம்மா.

விண்ணப்பக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் அண்ணனின் வாழ்க்கையே நிமிர்ந்து உட்காரும். மாமாங்கத் தீர்த்தத்துக்குக் கமெரா பூட்டியது ‘பெருந்திரள் நிகழ்வின் உட்கட்டமைப்புப் பாதுகாப்பு’ ஆகும். பழைய கணினியில் வைரஸ் துடைத்தது ‘நிறுவனச் சீர்திருத்தம்’. 2023இல் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று அரசாங்கக் கிளவுட்டுக்குள் புகுந்தது. மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் காப்புப் பிரதி இல்லாமல் அழிந்தன. அதைப் பற்றி அண்ணன் நான்கு பக்கம் காரமாக எழுதியிருக்கிறார். அந்த நான்கு பக்கத்துக்கும் இருக்கும் ஒரே பிரதி, மோட்டார் சைக்கிள் சாவியோடு தொங்கும் பென் டிரைவில்.

இடையில் படலையில் ஒரு மாமி. “தம்பி, போனுக்கு ஆறு நம்பர் வந்திருக்கு. ஆரோ ஒருத்தன் கேக்கிறான், சொல்லட்டா?”

“சொல்லிப்போடாதீங்க மாமி! மறுகா வாங்க, பொதுமக்கள் விழிப்புணர்வைப் பத்தி எழுதிக்கொண்டிருக்கன்.”

மிச்சமிருந்தது மேலதிகாரியின் சிபாரிசுக் கடிதம். விண்ணப்பதாரர் கண்ணில் படாமல், அதிகாரி தானே இரகசியமாக அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை.

“நீங்களே எழுதுங்க தம்பி,” என்றார் பெரியவர். “அனுப்பவும் எனக்குத் தெரியா. இந்தாங்க, எண்ட பாஸ்வேர்ட்.” மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்த துண்டை உருவிக் கொடுத்தார்.

அண்ணன் பெரியவரின் மின்னஞ்சலுக்குள் பயபக்தியோடு நுழைந்து, தன்னைப் பற்றித் தான் எழுதியதை இரகசியமாக அனுப்பிவைத்தார். கடிதத்தின் கடைசி வரி: “எந்த இரகசியத்தையும் இவரை நம்பி ஒப்படைக்கலாம், நானே ஒப்படைத்திருக்கிறேன்.”