நாளை சுபஹுக்குப் பிறகு

சுபஹ் தொழுதுவிட்டு வந்து தினமும் ஒரு பக்கம் எழுதுவதென்று தீர்மானித்து வாங்கியதில் இது நாலாவது கொப்பி. முன்னைய மூன்றிலும் முதல் பக்கத்தில் பிஸ்மி இருக்கிறது, வேறொன்றுமில்லை.

பாங்கு சொன்னதும் எழும்பிவிடுவேன், அதில் குறை சொல்ல ஏலாது. தொழுது வந்தால் தேத்தண்ணி. பிறகு கரைவலை இழுப்பதைப் பார்க்கக் கல்முனைக் கடற்கரைக்குப் போகவேண்டும். கதைக்கு அனுபவம் வேண்டாமா? அனுபவத்தோடு ஒரு கிலோ கீரி மீனும் வந்துவிடும். அதை ஆய்ந்து முடிக்க வெயில் ஏறிவிடும்.

பக்கத்துப் பெரியநீலாவணையில் பிறந்த நீலாவணன் பள்ளிக்கூட ஆசிரியர். பாடமும் நடத்தி, கவிதையும் எழுதி, 1975-இல் 44 வயது நிறையுமுன்பே மறைந்தார். எனக்கு 52 நடக்கிறது. கொப்பிகள் மட்டும் நல்ல தரமானவை.

மருதமுனையில் தறி வைத்திருக்கும் மச்சானிடம், "மூட் வருகுதில்ல" என்று முறையிட்டேன்.

"எனக்கும் வாறதில்ல மச்சான். சாறனுக்கு ஓடர் இருக்கே."

நாலாவது கொப்பி இன்னும் புதிதாகத்தான் இருக்கிறது. இது அவருடைய ஓடர்த் துண்டின் பின்பக்கத்தில் எழுதியது.