கடைசிப் பதினொரு மைல்

சிட்னியிலிருந்து ஹோபார்ட்டுக்குப் போகும் படகுப் பந்தயத்தில், எட்டுப் பேரில் ஒருவனாக ஒரு நாற்பதடிப் பாய்மரப் படகில் என்னைச் சேர்த்துக்கொண்டது என் கடலறிவை உத்தேசித்து அன்று. காற்றின் வேகத்தில் படகு ஒரு பக்கம் சாயும்போது, மறுபக்கத்து விளிம்பில் கால்களைத் தொங்கப் போட்டு வரிசையாக உட்கார்ந்து அதை நிமிர்த்தக் கனமான ஆசாமிகள் தேவை. வீட்டில் நெடுங்காலமாக நிந்தனைக்கே பாத்திரமாகி வந்த என் 88 கிலோ சரீரபாரம் ஒரு யோக்கியதாம்சமாக மதிக்கப்பட்டது அங்கேதான்.

இப்பந்தயத்தின் பூர்வ கதையே வேடிக்கையானது. 1945-இல் சிட்னி நண்பர்கள் சிலர், கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஹோபார்ட் வரை ஆற அமரப் படகில் போய்வரலாம் என்று எண்ணியிருந்தார்கள். பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் இல்லிங்வொர்த், சும்மா போவானேன், பந்தயமாகவே போகலாமே என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். ஒன்பது படகுகள் கிளம்பின. வழியில் அடித்த புயலில் அவருடைய 'ராணி' மூழ்கிப் போயிற்று என்றே பலரும் துக்கித்திருக்க, அது 6 நாள் 14 மணி நேரத்தில் எல்லாருக்கும் முன்னதாக ஹோபார்ட்டில் போய் நின்றது. 2017-இல் 'கொமாஞ்சி' என்ற படகு அந்த 628 கடல் மைலை 1 நாள் 9 மணி 15 நிமிடத்தில் கடந்துவிட்டது. இல்லிங்வொர்த் என்ற அம் மகானுபாவர் அன்று பேசாதிருந்திருந்தால், பந்தயம் கிளம்பிய டிசம்பர் 26-ஆம் தேதி பகல் ஒரு மணிக்கு நான் வீட்டில் உண்ட மயக்கத்தில் இருந்திருப்பேன்.

தெற்கேயிருந்து வீசும் காற்றை நம் கவிகள் தென்றல் என்று கொஞ்சுவார்கள். அவர்கள் ஆஸ்திரேலியக் கரையோரம் வந்ததில்லை. அங்கே தென்காற்று அண்டார்டிகாவின் திசையிலிருந்து புறப்பட்டு, சந்தனப் பொதிகைக்குப் பதிலாகப் பனிக்கட்டியைத் தடவிக்கொண்டு வருவது. 1998-இல் இதே பந்தயத்தில் ஆறு மாலுமிகள் மாண்ட புயலை நினைத்தால், வழியில் குறுக்கிடும் பாஸ் ஜலசந்தியைப் பற்றிப் பரிகாசம் செய்ய நா எழவில்லை. எங்களிடம் அது தாட்சண்யத்தோடுதான் நடந்துகொண்டது. ஆனால் நனையாத பொருள் என்று படகில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான்கு மணி நேரம் காவல், நான்கு மணி நேரம் நித்திரை. ஒருவர் எழுந்த படுக்கையில் அவர் உடற்சூடும் ஈரமும் ஆறுமுன் அடுத்தவர் விழவேண்டும். உலர்த்திப் பொட்டலம் கட்டிய உணவில் வெந்நீரை ஊற்றினால், மேலே எழுதியிருந்தது கோழியானாலும் காளானாயினும், உள்ளே ஒரே கஞ்சி.

இந்த ஈர லோகத்தில் என்னிடம் ஒரு ரகசிய ஐசுவரியம் இருந்தது: பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஹோபார்ட்டில் இறங்குவதற்கென்று வைத்திருந்த ஒரு ஜோடி உலர்ந்த கம்பளிக் காலுறை. அணியத்தில் அலை வாங்கியே விறைத்துப்போன வாலிபன் ஒருவன், யாரிடமாவது உலர்ந்த காலுறை உண்டா என்று பரிதாபமாகக் கேட்டபோது, நானும் மற்றவர்களோடு சேர்ந்து, கூசாமல், தலையை இடவலமாக ஆட்டினேன்.

நான்காம் நாள் மாலை டாஸ்மன் தீவைச் சுற்றி, புயல் விரிகுடா என்று பொருள்படும் 'ஸ்டார்ம் பே'யைத் தாண்டி, இரவு ஒன்பதரைக்கு டெர்வென்ட் நதிமுகத்துக் கலங்கரை விளக்கத்தை அடைந்தோம். அதன் பெயர் 'அயர்ன் பாட்', அதாவது இரும்புச் சட்டி. இன்னும் பதினொரே மைல். ஹோபார்ட்டின் விளக்குகள் கண்ணுக்குத் தெரிகின்றன. ஒருவர் மாமிச வறுவலைப் பற்றியும் ஒருவர் வெந்நீர் ஸ்நானத்தைப் பற்றியும் பேசுகிறார்கள். நான் மிளகு ரசத்தை மனத்துள் தாளித்துக்கொண்டிருக்கிறேன். அந்த க்ஷணத்தில், விளக்கை ஊதி அணைத்தாற்போல், காற்று விழுந்தது.

டெர்வென்டில் இரவுக் காற்று அப்படித்தானாம். பலத்த காற்றில் உயர்ந்த பக்கத்தில் உட்கார்ந்த நாங்கள், காற்றில்லாதபோது தாழ்ந்த பக்கத்தில் உட்கார வேண்டும். படகு சற்றே சாய்ந்தால்தான் பாய் தன் வடிவத்தில் தொங்கும். அசையக் கூடாது, நடக்கக் கூடாது. நான் தும்மியதற்குப் படகுத் தலைவர் திரும்பிப் பார்த்த பார்வையை ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். ஜலசந்தியில் இரண்டு கையும் கயிற்றில் இருந்ததால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கவிழவும் செய்யாமல் நகரவும் செய்யாமல் நின்ற இந்தப் படகிலோ எட்டுப் பேரின் கையும் கன்னத்தில்.

நள்ளிரவில் நீரோட்டம் எங்களைக் கடலை நோக்கியே திருப்பி அனுப்பத் தொடங்கியது. தலைவர் ஓசைப்படாமல் நங்கூரம் பாய்ச்சச் சொன்னார். பாய் விரித்தபடியே நங்கூரத்தில் நின்றோம். அப்போது, எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு படகுகள், நங்கூரம் போடத் தோன்றாமல், மெள்ளப் பின்னோக்கி மிதந்து எங்களைக் கடந்து போயின. அசையாதிருந்தே போட்டியாளரை முந்திய அந்தக் கால் மணி நேரமே, பந்தயம் முழுவதிலும் எனக்கு முற்றிலும் பிடித்த பகுதி.

மூன்று மணிக்கு, யாரும் பாராத இருளில், பையை அவிழ்த்துக் காலுறையை அணிந்துகொண்டேன். அந்தச் சுகத்தை அனுபவித்தது ஐந்து நிமிடம் இருக்கும். கன்னத்தில் மெல்லிய காற்றுப் பட்டது. நங்கூரத்தை எடுக்கக் கனமான ஆள் வேண்டுமென்று என்னை அழைத்தார்கள். செருப்புத் தேட அவகாசமில்லாமல் ஓடினேன். கயிறும் சங்கிலியும் டெர்வென்ட் நதியின் அடிச்சேறும் ஒருங்கே என் பாதங்களின் மேல் வந்து இறங்கின. பக்கத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த அந்த வாலிபன் என் காலைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

காலை 5 மணி 40 நிமிடத்துக்குப் பந்தய எல்லைக் கோட்டைக் கடந்தோம். எங்களுக்குக் கிடைத்தது நாற்பத்திரண்டாம் இடம். நங்கூரம் இல்லாவிட்டால் நாற்பத்து நான்கு.