வீட்டுக்கு வீடு சனி

பள்ளிக் கண்காட்சி மாதம் போலிருக்கிறது. இந்த வாரக் கடிதங்களில் பாதி, பசை ஒட்டிப் பிரிக்கவே முடியவில்லை. பிரிந்தவற்றுக்கு மட்டும் பதில்.

கே: கோள் செய்ய எது நல்லது? தெர்மாகோல் பந்தா, காகிதமா?
– ஆறாம் வகுப்பின் அம்மா, திருநின்றவூர்

ப: வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், தெர்மாகோலுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். உடைத்தால் வீடெல்லாம் தூறல். பெருக்கினால் விளக்குமாற்றிலேயே ஒட்டிக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். காகிதக்கூழில் கொலு பொம்மை செய்த ஊர் அம்மா இது! ஒரு பலூனை ஊதி, மேலே லேசாக எண்ணெய் தடவுங்கள். செய்தித்தாளைக் கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். கிழிந்த ஓரம்தான் படிந்து ஒட்டும். மைதாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, பூஞ்சை வராதிருக்க ஒரு ஸ்பூன் உப்பு. (பைண்டிங் கடைக்காரர் மயில்துத்தம் போடுவார். அது விஷம், வீட்டில் வேண்டாம்.) ஒரு சுற்று ஒட்டி, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்த சுற்று. இப்படி நாலு சுற்று. ஈரம் காயுமுன் பலூனைக் குத்தினால் கிடைப்பது கோள் அல்ல, கொழுக்கட்டை. உபரி லாபம்: வியாழனுக்குள் எந்தக் கட்சித் தலைவர் ஒட்டப்பட்டிருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

கே: ஸ்ப்ரே பெயின்ட் அடித்தேன். தெர்மாகோல் செவ்வாய் குழி குழியாக உருகிவிட்டது. நாளைக் காலை கொண்டுபோக வேண்டும்!
– பதறும் அப்பா, அம்பத்தூர்

ப: சாம்பல் நிறம் பூசிப் புதன் என்று சொல்லிவிடுங்கள். அங்கே குழிக்குப் பஞ்சமே இல்லை. ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அடுத்த முறை போஸ்டர் கலர். செவ்வாய்க்கு அதுவும் வேண்டாம். கோலத்துக்குப் பூசும் செங்காவியைக் கரைத்துப் பூசுங்கள். காவிக்கும் செவ்வாய்க்கும் சிவப்பைக் கொடுத்தது ஒரே இரும்புத் துருதான். சாயமல்ல, அசல் சரக்கு!

கே: ஜிகினாத்தூள் தூவலாமா?
– திருப்பூர்

ப: கோளுக்கா, கல்யாண மேடைக்கா?

கே: புளூட்டோவைச் சேர்க்கலாமா?
– காரைக்குடி

ப: 2006-இல் பிராக் நகரில் கூடி, ஓட்டெடுத்துக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள். மாஜி எம்.எல்.ஏ. மாதிரி. விழாவுக்கு அழைக்கலாம், மேடையில் நாற்காலி கிடையாது.

கே: நவக்கிரக சன்னதியில் சனிக்குக் கறுப்புத் துணிதானே சாத்துகிறார்கள்? டீச்சர் மஞ்சள் பூசச் சொல்கிறாரே?
– ஒரு தாத்தா, மயிலாடுதுறை

ப: கறுப்பு, வஸ்திரம். தொலைநோக்கியில் தெரியும் மேனி வெளிர்மஞ்சள். கறுப்புக் கோட்டு போட்டதால் வக்கீல்கள் எல்லாரும் கறுப்பா என்ன? வளையத்துக்கு வீட்டில் தூங்கும் பழைய சி.டி.யை எடுங்கள். அதன் குறுக்களவு 12 செ.மீ. சனியின் பிரதான வளையங்கள் கோளைப் போல ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு அகலம். ஆகவே பந்து ஐந்தேகால் செ.மீ. இருந்தால் கணக்கு சரி. பந்தைப் பாதியாக அறுத்து, சி.டி.யின் இரு பக்கமும் ஒட்டிவிடுங்கள். ஒரே குறை, கனம். அசல் வளையத்தின் பெரும்பகுதி பத்து மீட்டர் கனம்தான், நம்மூர் மூன்று மாடி வீடு. உங்கள் சி.டி.யோ இந்த அளவுத்திட்டத்தில் சுமார் 2,700 கி.மீ.! கன்னியாகுமரியில் ஆரம்பித்தால் டெல்லியைத் தாண்டிவிடும். பேரனிடம் சொல்லாதீர்கள், சி.டி.யைச் சீவ உட்கார்ந்துவிடுவான்.

கே: என் பையன் செய்த சனி சப்பையாக இருக்கிறதென்று மதிப்பெண் குறைத்துவிட்டார்கள்.
– விருதுநகர்

ப: பையன் கட்சிதான் நான். சனி ஏறக்குறைய பத்தரை மணி நேரத்தில் தன்னைத்தானே ஒரு சுற்று சுற்றிவிடுகிறது. அந்த வேகத்தில் இடுப்பு பிதுங்கி, தலையும் காலும் அமுங்கிவிட்டன. துருவத்துக்குத் துருவம் அளந்தால் இடுப்பின் குறுக்களவைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. குறைக்க வேண்டுமானால், உருண்டையாகச் செய்தவர்களுக்குக் குறைக்கட்டும்.

கே: யுரேனஸ் கம்பியில் நிற்காமல் சாய்ந்து சாய்ந்து விழுகிறது.
– கும்பகோணம்

ப: எழுப்பாதீர்கள். அதன் அச்சு 98 டிகிரி சாய்வு. படுத்த படுக்கையாகத்தான் சூரியனையே சுற்றுகிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை தள்ளினாலும் எழும்; இது எழுப்பினாலும் படுக்கும். எங்கள் வீட்டிலும் ஒருவன் இருக்கிறான், கல்லூரி மூன்றாம் ஆண்டு.

கே: என் மகளுக்குக் கண் தெரியாது. வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கோள் செய்கிறார்கள். இவளுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
– ஒரு தகப்பன், உசிலம்பட்டி

ப: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அஞ்சறைப் பெட்டியைத் திறந்து மகள் பக்கத்தில் உட்காருங்கள். அவள் உள்ளங்கையில் ஒரு மிளகை வையுங்கள். அதுதான் பூமி. 15 செ.மீ. தள்ளி ஒரு சின்னக் கடுகு, அது நிலா. வியாழனுக்கு ஒரு பெரிய எலுமிச்சம்பழம், சனிக்கு அதைவிடச் சற்றுச் சிறியது. யுரேனஸும் நெப்டியூனும் இரண்டு கோலிக்குண்டு. சூரியன், இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கிற 55 செ.மீ. பந்து. விரலால் உருட்டிப் பார்க்கட்டும்.

பிறகு சூரியனைத் தெருமுனையில் வைத்துவிட்டு, மிளகை அவள் கையில் கொடுத்து நடங்கள். சுமார் 60 மீட்டர் போனதும் நில்லுங்கள்; பூமி வந்துவிட்டது. நெப்டியூனுக்கு இன்னும் நடக்க வேண்டும், மொத்தம் ஒன்றேமுக்கால் கிலோமீட்டர். வழியெல்லாம் ஒன்றுமே இல்லாத அந்த நீளம்தான் வானம். அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் எட்டுப் பந்து ஒட்டியதைப் பார்க்கிற பிள்ளைகளுக்கு அது தெரியாது. உங்கள் மகளுக்குக் கால் வலிக்கும்போது தெரிந்துவிடும். திங்கட்கிழமை வகுப்பில் அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

கே: இவ்வளவு பேசுகிறீரே, நீர் செய்த கோள் எங்கே?
– திருச்சி

ப: மேலே கொழுக்கட்டை என்று எழுதியிருக்கிறேன், பாரும்.