அழைப்பிதழ்ச் சிக்கனவியல்: ஒரு முன்னோட்ட ஆய்வு

கல்வெட்டுக்கு ஆய்வாளர் உண்டு, செப்பேட்டுக்கு உண்டு, ஓலைச்சுவடிக்கு உண்டு. வைகாசியிலும் ஆவணியிலும் வீடு வீடாக வந்து குவிந்து, ஃபிரிட்ஜ் மேலும் டிவிக்குப் பின்னாலும் படுத்துக் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைதான் கேட்பாரற்றுப் போயிற்று. அந்தக் குறையைப் போக்க எளியேனால் இயன்ற முயற்சி இது. ஆய்வின் கேள்வி ஒன்றே: பத்திரிகைச் செலவில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்? பெண்ணைப் பெற்றவரைக் கேட்டாலும் பிள்ளையைப் பெற்றவரைக் கேட்டாலும் “கார்டு விலையில்தான், வேற எங்க?” என்பார்கள். இந்தக் கருதுகோள் அடியோடு தவறு என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் பத்திரிகை எதற்கு என்று பார்த்துவிடுவோம். கல்யாணத் தேதியைத் தெரிவிக்க என்று பாமரர் நினைக்கலாம். தரவுகள் அப்படிச் சொல்லவில்லை. பல வீடுகளில் மண்டபம் காலியாக இருக்கும் நாளைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் ஜோசியர் முகூர்த்தமே குறிக்கிறார். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்று ராத்திரியே அத்தை மூலமாகத் தேதி மூன்று மாவட்டங்களுக்குப் போய்விடுகிறது. பத்திரிகை அச்சாகி வரும்போது அதில் இருக்கும் எதுவும் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. பந்தி எத்தனை மணிக்கு ஆரம்பம் என்பது உபயோகமான செய்தி. அதை யாரும் அச்சடிப்பதில்லை. வாங்குகிறவர் அதில் தேடுவது வேறு. தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது, நம் வீட்டுக்கு யார் யார் வந்து வைத்தார்கள், நமக்கு முன்னால் யார் வீட்டுக்குப் போனார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. பத்திரிகை என்பது உறவுமுறையில் ஒருவருடைய இன்றைய நிலவரத்தைக் காட்டும் அத்தாட்சிப் பத்திரம்.

இனி காகிதத்தின் விலைக்கு வருவோம். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்கு அச்சகம் வந்தது. அச்சகம் வந்த ஊரில் காலண்டர், டைரி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது. பிள்ளையாரும் மயிலும் போட்டு, உள்ளே வெற்றிடம் விட்டு வரும் கல்யாணக் கார்டும் அந்த வம்சத்தில் உதித்ததே. சென்னையில் இதற்கான களஆய்வு நிலையம் பாரிமுனையை ஒட்டிய ஆண்டர்சன் தெரு.

அங்கே நடப்பதைக் கிட்டே நின்று கவனிக்க வேண்டும். கடைக்காரர் எடுத்த எடுப்பில் வெல்வெட் ஒட்டிய பெட்டி கார்டைக் காட்டுவார். அதை வாங்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அடுத்துக் காட்டப்போவது மலிவாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். குடும்பத் தலைவர் கார்டை வாங்கி, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து வேட்டியைப் பார்ப்பதுபோல் தேய்த்துப் பார்ப்பார். அம்மா மூக்கருகே கொண்டுபோவார். மணப்பெண் அதைத் தன் போனில் படம் எடுத்து யாருக்கோ அனுப்பி, பதில் வரும்வரை எல்லாரையும் உட்கார வைப்பாள். கடைசியில் இருபது ரூபாய்க் கார்டில் ஒன்றரை ரூபாய் குறைத்துப் பேசி முடித்துவிட்டு, கட்டு நூறாகத்தான் வரும் என்பதால் தேவைக்கு மேல் எண்பது கார்டு சேர்த்து எடுத்துக்கொண்டு, ஜெயித்த முகத்தோடு வெளியே வருவார்கள். கார்டு விலையில் பிடித்த மிச்சத்தின் வரலாறு இங்கே முடிவடைகிறது.

உள்ளே அச்சாகும் வாசகம் தனி இயல். தந்தியில் வார்த்தைக்குக் காசு. அதனால் கல்யாண வாழ்த்துக்கே தபால் தந்தி இலாகா எண் போட்டு வைத்திருந்தது. எண்ணைச் சொன்னால் அங்கே வாசகமாகப் போய் இறங்கும். 2013 ஜூலையில் தந்தியை நிறுத்தியபோது இந்நாட்டின் சொற்சிக்கனப் பள்ளி ஒன்று மூடப்பட்டது எனலாம். பத்திரிகை அதற்கு நேர் எதிர். ஆஃப்செட்டில் நாலு பெயர் ஏறினாலும் நாற்பது ஏறினாலும் அடிப்புக் கூலி மாறாது. செலவெல்லாம் பெயரை விடுவதில்தான். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரிக்குக் கீழே தாய்மாமன் பெயர் விடுபட்டால் அந்த இழப்பை எந்தப் பேரேட்டில் எழுதுவது? பெயர் இருந்தும் பி.இ. விடுபட்டால் அரை இழப்பு. சித்தப்பா பெயருக்கு ஒரு வரி கீழே இறங்கிவிட்டால், காதுகுத்துவரை நீடிக்கும் தவணைக் கடன். ஆகவே புரூஃப் பார்க்கும் வேலையைத் தமிழ் வாத்தியாரிடம் கொடுப்பது வீண். அவர் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்ப்பார். குடும்பத்தின் கடந்த இருபது வருடச் சண்டைகளை நினைவில் வைத்திருக்கும் பெரிய அத்தையிடம் கொடுப்பதே முறை.

வாசகத்தைச் சுருக்கிக் காட்டியவர்கள் இல்லாமல் இல்லை. சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதரோடு திதி, நட்சத்திரம், யோகம், லக்னம் எல்லாம் பத்திரிகையைவிட்டு வெளியேறின. அப்படி நடந்த திருமணங்களுக்கு 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டத் திருத்தம் கொண்டுவந்து ஏற்பும் கொடுத்தார்கள். பஞ்சாங்கம் அடைத்துக்கொண்டிருந்த இடம் காலியானதைப் பார்த்ததும் சிக்கனவியலார் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சி நிலைக்கவில்லை. வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழாவுக்குத் தலைமை ஒருவர், முன்னிலை நால்வர், வாழ்த்துரை பதினொருவர், நன்றியுரை மணமகனின் அண்ணன் என்று ஒன்றியச் செயலாளர்வரை வந்து அந்த இடத்தில் அமர்ந்துகொண்டார்கள். பத்திரிகையில் வெற்றிடம் தங்காது என்பது இதனால் நிறுவப்பட்டது.

சிக்கனத்தின் மெய்யான களம் காகிதத்தில் இல்லை, காலில் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து திருவொற்றியூருக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர். போக வர 80. பைக் லிட்டருக்கு 50 கொடுத்தாலும், பெட்ரோல் நூறு ரூபாயைத் தொட்டுவிட்ட காலத்தில் ஒரே ஒரு பத்திரிகை வைக்க 160 ரூபாய். இருபது ரூபாய்க் கார்டுக்கு எட்டு மடங்கு வண்டிக்கூலி! இதில் வாங்கிப் போகும் பூவும் பழமும் சேரவில்லை. போன இடத்தில் குடித்த காபியும் சேரவில்லை. காபியை மறுக்க முடியாது. பக்கத்துத் தெருவில் இப்போதுதான் குடித்தோம் என்று சொல்லவும் முடியாது. சொன்னால் “ஓ, அங்க போயிட்டுத்தான் இங்க வர்றீங்களா?” என்ற கேள்வி வரும். ஒரு நாளைக்கு எத்தனை வீடு என்பதைத் தீர்மானிப்பது பெட்ரோல் டாங்க் அல்ல, வயிறு.

இந்த இடத்தில் கணிதவியலாரின் கவனத்துக்கு ஒன்று. பல ஊர்களுக்குப் போய்த் திரும்ப வேண்டிய விற்பனையாளன் மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது உலகம் முழுக்கப் பேரறிஞர்களைத் திணறடித்த கணக்கு. அந்த விற்பனையாளன் கொடுத்து வைத்தவன். எந்த ஊருக்கு முதலில் போனாலும் எந்த ஊரும் கோபித்துக்கொள்ளாது. பத்திரிகை வைப்பவர் நிலைமை அப்படியா? சித்தப்பா அடுத்த தெருவில் இருக்கலாம்; ஆனால் ஆவடியில் இருக்கும் பெரியப்பாவுக்கு வைக்காமல் அவர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பெரியப்பாவுக்கு முன்னால் குலதெய்வம். அது திருநெல்வேலிப் பக்கம். செவ்வாய்க்கிழமை ஆகாது, அஷ்டமி, நவமி ஆகாது. எல்லாரும் வீட்டில் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையிலோ பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம், நாலரையிலிருந்து ஆறு ராகுகாலம். மிச்சமுள்ள சந்தில் ஓடி, போன வீடு பூட்டியிருந்தால், கதவிடுக்கில் செருகிவிட்டு வரலாமா? கூடாது. அது பால் பாக்கெட் அல்ல. எந்தக் கணினியாலும் இதற்குக் குறுக்கு வழி சொல்ல முடியாது. மேற்படி அத்தையால் முடியும்.

முன்னோர்கள் இதற்கும் ஒரு தீர்வு கண்டுபிடித்திருந்தார்கள். ‘இதனையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதி’ என்ற வரி தமிழ்ச் சிக்கன வரலாற்றின் மாபெரும் சாதனை. ஒரே வரியில் அத்தனை கிலோமீட்டரையும் அத்தனை காபியையும் ரத்து செய்துவிடுகிறது. உறையை ஒட்டாமல், மூடியை உள்ளே செருகி, ‘புக் போஸ்ட்’ என்று மூலையில் போட்டு அனுப்பினால் தபால் கட்டணமும் குறைவாக இருந்தது. நான்கு முனையில் தடவிய மஞ்சள் மட்டும் வழியில் உதிர்ந்து பக்கத்து வீட்டுத் தபாலுக்கும் மங்களம் சேர்க்கும். ஆனால் அந்த வரியை நம்பிக் கருதிக்கொண்டவர் என்று ஒருவரைக்கூட இந்த ஆய்வால் கண்டுபிடிக்க இயலவில்லை. “தபால்ல வந்துச்சு” என்று சொல்லும்போது குரலில் விழும் அந்தத் தொய்வைப் பதிவு செய்யக் கருவி இல்லை.

வாட்ஸப் வந்ததும் செலவு பூஜ்யமாகிவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஒரு விதியைக் கவனிக்கத் தவறினார்கள்: அழைப்பில் எவ்வளவு சிக்கனமோ, வருகையிலும் அவ்வளவு சிக்கனம். தனியாக அனுப்பினால் கைகூப்பும் பொம்மை ஒன்று பதிலுக்கு வரும். குடும்பக் குரூப்பில் போட்டால் கட்டை விரல். ஸ்டேட்டஸில் வைத்தால், பார்த்தவர் பட்டியலில் பெயர் மட்டும். 2021இல் மதுரையில் ஒரு குடும்பம் பத்திரிகையிலேயே க்யூஆர் கோடு அச்சடித்து, மொய்யை அதில் அனுப்பலாம் என்றது. ஊரே சிரித்தது. ஆய்வாளன் சிரிக்கக் கூடாது. பத்திரிகை தன் செலவைத் தானே சம்பாதிக்க ஆரம்பித்த தருணம் அது.

அப்படியானால் பத்திரிகையே அடிக்காமல் விட்டுவிட்டால் என்ன? தீவிரச் சிக்கனவாதிகளின் இந்தக் கேள்விக்கு அரசாங்கம்தான் பதில் சொல்லியிருக்கிறது. 2016 நவம்பரில் ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்றானபின், கல்யாண வீட்டார் வங்கியில் இரண்டரை லட்சம்வரை எடுக்கலாம் என்றார்கள். ரிசர்வ் வங்கி கேட்ட ஆதாரங்களில் ஒன்று கல்யாணப் பத்திரிகை. ஐந்து ரூபாய்க் கார்டும் தங்க ஃபாயில் கார்டும் கவுன்ட்டரில் ஒரே மதிப்பு பெற்ற வேறு சந்தர்ப்பம் நினைவுக்கு வரவில்லை. 2020 ஊரடங்கில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் கேட்டவர்களும் கல்யாணம் என்றால் பத்திரிகையைத்தான் காட்ட வேண்டியிருந்தது. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரிகை கேட்பார்கள். ஆக, கீழ்வரம்பு ஒன்று. அந்த ஒன்றையும் ‘கட்டு நூறாகத்தான் வரும்’ என்பார் கடைக்காரர்.

இன்னொரு பெரிய மிச்சம் கண்ணுக்கு எதிரே கிடக்கிறது. பெண் வீட்டார் ஒரு பத்திரிகை, மாப்பிள்ளை வீட்டார் ஒரு பத்திரிகை என்று ஒரே கல்யாணத்துக்கு இரண்டு அச்சடிக்கிறார்களே, சேர்த்து ஒன்றாக அடித்தால் என்ன? இதை ஒரு சம்பந்தி பேச்சுவார்த்தையில் முன்மொழிந்து பார்த்தேன். யார் பெயர் முதலில் என்ற இடத்தில் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. டிபன் நன்றாக இருந்தது.

தீராமல் நிற்பது எதிர்வீட்டுச் சிக்கல். ஆவடிக்கும் போய் வந்தாயிற்று, குலதெய்வத்துக்கும் வைத்தாயிற்று. தினமும் கோலம் போடும்போது பார்க்கிற எதிர்வீட்டு மாமிக்கு ‘கடைசியில் வைத்துக்கொள்ளலாம், எங்கே போகிறார்’ என்று விட்டு வைத்து, முகூர்த்தத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பந்தல்காரர் வாழை மரம் கட்டும்போது ஞாபகம் வருகிறது. பயண தூரம் பன்னிரண்டு அடி, பெட்ரோல் செலவு இல்லை, காபிகூட வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனாலும் அந்தப் பன்னிரண்டு அடியைக் கடக்க வீட்டில் ஒருவரும் முன்வருவதில்லை. கையில் எண்பது கார்டு மிச்சம் இருக்கிறது. யார் போவது என்பதில்தான் ஆய்வு நின்றுகொண்டிருக்கிறது.