எட்டாத் திணை: கூகுளில் முதலிடம் தேடும் கடைகள் பற்றி ஓர் இலக்கண ஆய்வு

1. பொருளும் களமும்

தமிழில் அகத்திணை ஏழு. குறிஞ்சி முதலிய ஐந்தும் நடுவில் நிற்க, ஒரு பக்கம் கைக்கிளை, மறுபக்கம் பெருந்திணை. ஏழோடு நிறுத்திக்கொண்டார் என்று தொல்காப்பியரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்துக் கடைக்காரர்களுக்கு வெப்சைட் இல்லை. இன்று பாளையங்கோட்டையில் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவருக்கும் வெப்சைட் இருக்கிறது. அது இருப்பதால் ஓர் ஏக்கமும் இருக்கிறது: கூகுளில் முதலாவதாக வர வேண்டும். இவ்வேக்கம் ஏழு திணையிலும் அடங்காது, எட்டாவதாக ஒன்று வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. ‘எட்டாம் திணை’ என்பது அச்சுப்பிழையால் ‘எட்டாத் திணை’ ஆயிற்று என்பாரும் உளர். பிழையன்று என்பது போகப்போக விளங்கும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கடை ஒன்றே ஒன்று. சந்துக்குள் பத்துக்குப் பன்னிரண்டு அறை. உள்ளே நுழைந்ததும் மூக்கில் ஏறுவது காயில் கருகிய வாசனை. கப்ளர், புஷ், கார்பன் பிரஷ் எல்லாம் பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களில் இனம் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். கடைக்காரரை ஊரார் அழைப்பது போலவே இக்கட்டுரையும் அண்ணாச்சி என்றே குறிக்கும். அகப்பாடலில் தலைவன் பெயரைச் சொல்லலாகாது என்பது மரபு. அவருடைய வெப்சைட்டிலோ கடையின் பெயர் முப்பத்தேழு முறை வருகிறது. மரபு மீறல் இங்கிருந்தே தொடங்குகிறது.

வெப்சைட் செய்து கொடுத்தது போனில் வந்த ஒரு தம்பி. சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று மூன்று பேக்கேஜ் சொன்னாராம். அண்ணாச்சி பதினெட்டாயிரம் கொடுத்துக் கோல்டு எடுத்தார். ஏன் சில்வர் எடுக்கவில்லை என்று கேட்டோம். “சில்வர்னா பாத்திரக்கடை மாதிரில்லா இருக்கு சார்” என்றார். மொழியியல் நோக்கில் இது தனி ஆய்வுக்குரியது.

2. முதல், கரு, உரி

திணைக்கு முதற்பொருள் நிலமும் பொழுதும். இதில் கூகுளும் தொல்காப்பியரும் கருத்தொருமித்து நிற்கிறார்கள். பக்கத்துக் கடைகளை வரிசைப்படுத்த மூன்றைப் பார்ப்பதாகக் கூகுளே சொல்லியிருக்கிறது: கேட்டதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுகிறவருக்கும் கடைக்கும் உள்ள தூரம், கடைக்கு வெளியில் உள்ள பெயர். தூரம் நிலம். கடை இப்போது திறந்திருக்கிறதா என்று வரும் ஒற்றை வரி பொழுது. முல்லைக்கு மாலை போல, மிக்ஸி ரிப்பேருக்குச் சிறுபொழுது காலை ஏழு மணி. தேங்காய்ச் சில்லும் பொரிகடலையும் ஜாடிக்குள் கிடக்க, பிளேடு நகராமல் மோட்டார் மட்டும் உறுமும் நேரம் அது. பெரும்பொழுது, தீபாவளிக்கு முந்தைய பத்து நாள்.

கருப்பொருளில் தெய்வம் எதுவெனச் சொல்ல வேண்டியதில்லை. விலங்கு, பாண்டா. 2011 பிப்ரவரியில் வந்து, சரக்கில்லாத பக்கங்களை மேய்ந்துவிட்டுப் போனது. பறவை, பெங்குவின். 2012 ஏப்ரலில் வந்து, காசுக்கு வாங்கிய இணைப்புகளைக் கொத்தியது. பின்னால் 2013இல் ஓசனிச்சிட்டும் 2014இல் புறாவும் வந்தன. கூகுள் தன் வரிசை முறையில் செய்த மாற்றங்களுக்கு இணையத் தேடல் துறையில் வழங்கும் பெயர்கள் இவை. கிளி வந்தால் தினைப்புனம் போகும், பெங்குவின் வந்தால் முதல் பக்கம் போகும். விரட்டுவதற்குப் பரண் மட்டும் இங்கே இல்லை.

உரிப்பொருள், காத்திருத்தலும் காத்திருத்தல் நிமித்தமும். “ஆறு மாசம் ஆகும் சார்” என்று தம்பி முதலிலேயே சொல்லியிருந்தார். கார்காலத்தில் வருவேன் என்று சொல்லிப் போன தலைவன்கூட இவ்வளவு முன்ஜாக்கிரதையாகத் தவணை சொன்னதில்லை.

3. அகம்

துறையினர் தம் வேலையை ‘ஆன் பேஜ்’, ‘ஆஃப் பேஜ்’ என இரண்டாகப் பகுப்பர். அகம், புறம் என்று நாம் எப்போதோ பகுத்துவிட்டதை அடக்கத்தோடு பதிவு செய்துவிட்டு மேலே செல்கிறோம்.

அகம் என்பது பக்கத்துக்குள்ளேயே செய்துகொள்வது. அண்ணாச்சியின் பக்கம் திறந்ததும் ஒரு பெரிய படம். காதில் ஹெட்போன் மாட்டிய வெள்ளைக்காரப் பெண் சிரிக்கிறாள். அவள் கையில் ஒரு துளி கிரீஸ் இல்லை. அந்தச் சிரிப்பு முழுதாக இறங்குவதற்குள் சந்து முனையில் டீ ஆறிவிடுகிறது. அதன் கீழே முதல் வாக்கியம்: “பாளையங்கோட்டையில் சிறந்த மிக்ஸி ரிப்பேர் தேடுகிறீர்களா? பாளையங்கோட்டையில் சிறந்த மிக்ஸி ரிப்பேர் என்பது பாளையங்கோட்டையில் சிறந்த முறையில் மிக்ஸி ரிப்பேர் செய்வதே ஆகும்.”

நூலுக்கு வரும் குற்றம் பத்து என்று நன்னூலார் பவணந்தி வகுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு எழுதியது போல இருக்கிறது. மேற்கண்டது கூறியது கூறல். அடுத்த பத்தியில் ஆதிமனிதன் கல்லில் அரைத்த வரலாறு வருவது மற்றொன்று விரித்தல். பத்தில் கடைசியான நின்று பயனின்மைக்குத் தக்க எடுத்துக்காட்டு முடிவுரையில் தரப்படும்.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? தொடக்க காலத் தேடுபொறிகள் ஒரு சொல் பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதைப் பெரிதாக மதித்தன. எண்ணுகிறவருக்கு எண்ணிக்கையைக் காட்டினார்கள். பக்கத்தின் தலைமாட்டில் வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் சொற்களை அடுக்கும் ‘கீவேர்டு டேக்’ என்ற இடமும் இருந்தது. இணையத் தேடலில் அதைத் தான் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. தம்பியின் பில்லில் அது இன்னும் ஒரு தனி வரி. குடிபோன வீட்டுக்கும் வாடகை வாங்குகிறார்கள்.

உள்ளுறை பற்றியும் சொல்ல வேண்டும். சங்கப் புலவர் வண்டுக்குள்ளும் மலருக்குள்ளும் பொருளை ஒளித்தார். நம் தம்பி வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தால் ஒளித்தார். பக்கத்தின் அடியில் வெற்றிடமாகத் தெரிந்த இடத்தில் விரலை அழுத்தி இழுத்தபோது, நீலப் பட்டைக்குள்ளிருந்து ஊர்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன: மேலப்பாளையம், வண்ணார்பேட்டை, பெருமாள்புரம், தச்சநல்லூர், பேட்டை. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “நம்ம கடைக்குள்ள இத்தன ஊரு ஒளிஞ்சு கெடக்கா?” என்றார். கூகுளின் விதிப்படி இவ்வுள்ளுறை ஏமாற்று வேலை. கண்டுபிடித்தால் பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளும், அல்லது பட்டியலிலிருந்தே எடுத்துவிடும்.

பாடபேதச் சிக்கல் ஒன்றும் உண்டு. மிக்ஸி என்றும் மிக்சி என்றும் எழுதுவர். இரண்டையும் விடாமல் சேர்த்த தம்பி, ஆங்கில வழக்கை ஒட்டி ‘மிக்சர்’ என்பதையும் கூகுள் மேப்பில் கடைப் பெயரோடு சேர்த்துவிட்டார். ஒரு மாலை, துணிப்பையோடு வந்த ஓர் அம்மா ஹார்லிக்ஸ் பாட்டில்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “மிக்சர் அரைக் கிலோ குடுங்க, பூண்டு போட்டது” என்றார். சொற்பொருள் மயக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பெயர்ப்பலகையில் இல்லாத சொற்களை மேப்பில் கடைப் பெயரோடு ஒட்டக் கூடாது என்பது விதி என்றும் அறிக. ராஜராஜ சோழன் கல்வெட்டின் தலையில் மெய்க்கீர்த்தி வைக்கும் வழக்கத்தைத் தொடங்கினான். அவனே இன்று மேப்பில் கடை போட்டாலும் பட்டப்பெயர்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வர வேண்டும்.

4. புறம்

புறம் என்பது பிறர் நம்மைப் பற்றிச் சொல்வது. கூகுளின் ஆதி மூலதனமே இதுதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் வெளியிட்ட முறைக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர். ஒரு பக்கத்துக்கு எத்தனை பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன, கொடுப்பவருக்கு எவ்வளவு மதிப்பு என்று அது பார்க்கும். ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் வழக்கத்திலிருந்து பிறந்த யோசனை. நம்மூர்க் கணக்கில், நாலு பேர் சொன்னால் சேதி, நாலு பெரிய மனிதர் சொன்னால் பெருஞ்சேதி.

உடனே மொய் வழக்கம் தொடங்கியது. நீ எனக்கு ஒரு இணைப்பு எழுது, உன் வீட்டு விசேஷத்துக்கு நான் திருப்பி எழுதுகிறேன். பிறகு, விசேஷமே இல்லாமல் மொய் எழுதுவதற்கென்றே பந்தல் போட்டார்கள். முன்பின் தெரியாத நூறு வெப்சைட்டுகள் ஒன்றுக்கொன்று எழுதிக்கொண்டன. அண்ணாச்சி கடைக்கு இணைப்புக் கொடுத்த பக்கங்களைத் தேடினோம். ஒன்று சூதாட்டம், ஒன்று முடி வளரும் எண்ணெய், இன்னொன்று எந்த மொழி என்றே தெரியவில்லை. பெங்குவின் வந்து பார்த்தது இந்த மொய் நோட்டைத்தான்.

மதிப்புரை வேறு வகை. தன்னைத் தானே புகழ்வது தகாது, ஆகவே சிறப்புப் பாயிரத்தைப் பிறர் எழுத வேண்டும் என்பது நன்னூலார் கொள்கை. யார் எழுதலாம் என்றும் நால்வரைக் குறிக்கிறார்: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணவர், தகுதியான உரைகாரர். அண்ணாச்சி கடையின் ஐந்து நட்சத்திர மதிப்புரைகளை இக்கண்ணாடியால் பார்த்தோம். தொழில் கற்றுக்கொடுத்தவர் ஒன்று எழுதியிருந்தார். கூடப் படித்தவர் ஒன்று. கடையில் வேலை பழகும் பையன் ஒன்று. நாலாவது, மைத்துனர். நன்னூல் விதி ஏறத்தாழ முழுமையாகக் காக்கப்பட்டிருக்கிறது. கூகுள்தான் நன்னூல் படிக்கவில்லை. கடையோடு தொடர்புள்ளவர் எழுதுவதும், காசு கொடுத்து எழுதவைப்பதும் அதன் விதிக்கு விரோதம். இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000 என்னும் தரநிலை கொண்டுவந்தது. பாயிரத்துக்கு அரசு முத்திரை வேண்டிவரும் என்று பவணந்தி எண்ணியிருக்கமாட்டார்.

தன்னைப் புகழ்ந்துகொள்ளச் சில இடங்களில் அவர் விலக்கும் அளித்தார். தன் ஆற்றலை அறியாதவர் நடுவே என்பது அவற்றில் ஒன்று. “கூகுளுக்கு நம்மளப் பத்தி என்ன தெரியும்?” என்று அண்ணாச்சி கேட்பது இந்த விலக்கின் பாற்படும்.

5. கள ஆய்வு

“கடைல நின்னு தேடுனா நாந்தான் சார் மொதல்ல வாரேன்” என்பது அண்ணாச்சியின் உறுதியான வாதம். தம்பியும் அதைக் காட்டித்தான் பாக்கிப் பணம் வாங்கிப்போனார். மெய்யா என்று அறிய, அண்ணாச்சி ஸ்கூட்டரின் பின்னால் போனோடு உட்கார்ந்தோம். கடை வாசலில் முதலிடம். டீக்கடையிலும் முதலிடம். மார்க்கெட் முக்கில் நாலாமிடம். வண்ணார்பேட்டைப் பாலத்தருகே விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தும் அண்ணாச்சியைக் காணவில்லை. வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். திணைக்கு நிலமே முதற்பொருள் என்பது இதனால் பெறப்படும். தன் கடையில் நின்று தன் போனில் தன் பெயரைத் தேடி முதலில் வருவது, தன் வீட்டுக் கல்யாணத்தில் தனக்கு முதல் பந்தி கிடைப்பது போன்றது.

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதைத் தேடிப் படிக்கலாம், முதலிலேயே வருகிறது.

6. மறுப்பும் மறுப்புக்கு மறுப்பும்

இது வெறும் கைக்கிளை, கடைக்காரர் மட்டும் உருகுகிறார், எட்டாவது திணை எதற்கு என்று கேட்கலாம். கைக்கிளையில் தலைவி காசு கேட்பதில்லை. இங்கே கேட்கப்படும். 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் என்று தொடங்கி, 2018இல் கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாறிய விளம்பரமுறைதான் அப்படிக் கேட்பது. பெரும்பாலும் தொட்டால் காசு, தொட்டவர் வந்தாலும் வராவிட்டாலும். பொருந்தாக் காமமாகிய பெருந்திணையில் இதைச் சேர்ப்பதே முறை. ஆக, கைக்கிளையில் தொடங்கிப் பெருந்திணையில் முடிகிற பயணத்துக்குத் தனித் திணை வேண்டும் என்பது நிறுவப்பட்டது.

7. முடிபு

இறுதியாக, பக்கத்தைச் சொல் சொல்லாக எண்ணினோம். மிக்ஸி நாற்பத்தொரு முறை, சிறந்த என்பது இருபத்தாறு முறை. போன் நம்பர் ஒரே ஒரு முறை. அதில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. பதினோரு மாதமாக யாரும் அழைக்காததைக் கூகுளின் கோபம் என்றே அண்ணாச்சி நினைத்திருந்தார். நின்று பயனின்மைக்கு முன்பு வாக்களித்த எடுத்துக்காட்டு இது.

கல்லூரியில் படிக்கும் அவர் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். ஹெட்போன் பெண்ணை அனுப்பிவிட்டு, கடை வாசலைப் படம் பிடித்துப் போட்டாள். ஒளிந்திருந்த ஊர்களை விடுவித்தாள். மேப்பில் மிக்சரை நீக்கினாள். என்னென்ன வேலை, ஏறக்குறைய என்ன கூலி, எத்தனை மணிக்குத் திறப்பு, எந்த நாள் லீவு, எந்தச் சந்து என்று பத்து வரி எழுதினாள். கடைசியில் பத்தாவது இலக்கத்தைச் சேர்த்தாள்.

மறுநாள் காலை பத்தரைக்கு முதல் அழைப்பு வந்தது. அண்ணாச்சி கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டார். “சார், உங்க வெப்சைட்ட கூகுள்ல முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடலாம்” என்றது ஒரு புதிய குரல்.

“என் நம்பரு ஒங்களுக்கு எப்படித் தம்பி கெடச்சுது?”

“கூகுள்ல தேடி எடுத்தேன் சார்.”

“அப்போ தேடுனா கெடைக்கேன்லா! பெறவு என்னத்துக்குத் தம்பி பதினெட்டாயிரம்?”

எதிர்முனையில் பதில் இல்லை. இதற்கு மறுப்புரை கிடைத்தால் இக்கட்டுரையின் அடுத்த பதிப்பில் சேர்க்கப்படும்.